தாத்தா எந்தக் கப்பலில் போருக்குப் போனார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்தவர்கள் ஏறக்குறைய 25 லட்சம் பேர். அவர்களில் எகிப்து, ஈராக், இத்தாலி, மலேயா என்று கடல் தாண்டிப் போனவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் துருப்புக் கப்பலில் போனவர்கள்தான். தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் அப்படிப் போன ஒரு தாத்தா இருக்கிறார். எங்கள் வீட்டிலும் இருந்தார், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில். அவர் ஏறிய கப்பலைத் தேடிப் பல வருடம் அலைந்திருக்கிறேன். அதைக் கேள்விப்பட்டுப் பலரும் என்னிடம் கேட்கிறவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

தாத்தாவின் பெயர் உள்ள பயணிகள் பட்டியல் எங்கே கிடைக்கும்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். பெரும்பாலும் அப்படி ஒரு பட்டியல் கிடைக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைத் தேடியே நிறையப் பேர் சோர்ந்துபோகிறார்கள்.

லண்டனுக்குப் பக்கத்தில் க்யூ என்ற இடத்தில் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. அங்கே பி.டி. 26, பி.டி. 27 என்று இரண்டு பெரிய தொகுப்புகள் உண்டு. முன்னது 1878 முதல் 1960 வரை பிரிட்டனுக்கு வந்திறங்கியவர்களின் பட்டியல். பின்னது 1890 முதல் 1960 வரை அங்கிருந்து புறப்பட்டவர்களின் பட்டியல். காசு கட்டி இணையத்தில் தேடும் வம்சாவளித் தளங்களில் 'கப்பல் பயணிகள்' என்று வருவது பெரும்பாலும் இவைதான். ஆனால் இவை டிக்கெட் வாங்கிப் போன சாதாரணப் பயணிகளுக்காக வணிக வாரியம் வைத்திருந்த பட்டியல்கள். ராணுவம் ஏற்றி அனுப்பிய சிப்பாய்கள் இதில் வர மாட்டார்கள். அதிலும் பம்பாயில் ஏறி சூயஸில் இறங்கியவர் பிரிட்டனைத் தொடவே இல்லை. அவர் இதில் இருக்க வழியே கிடையாது.

சிப்பாய்கள் கப்பலேறும்போது யாரும் பெயர் எழுதவில்லையா என்றால், எழுதினார்கள். ஒவ்வொரு யூனிட்டும் 'நாமினல் ரோல்' என்று ஒரு பெயர்ப்பட்டியல் தயாரித்து, பிரதியைத் துறைமுகத்தில் ஆட்களைக் கப்பலேற்றும் எம்பார்கேஷன் அதிகாரியிடம் கொடுக்கும். அதன் வேலை கப்பல் போய்ச் சேரும் வரைதான். போர் முடிந்த பிறகு அந்தக் காகித மலையை யாரும் பொத்தி வைக்கவில்லை. இது நம் நாட்டுக் குறை மட்டுமல்ல. அமெரிக்க ராணுவமே இரண்டாம் உலகப் போரின் துருப்புக் கப்பல் பட்டியல்களை 1951-ல் அழித்துவிட்டது.

அப்போது வழியே இல்லையா?

இருக்கிறது. பெயரைத் தேடாமல் யூனிட்டைத் தேட வேண்டும். ராணுவத்தில் ஒரு ஆள் தனியாகக் கப்பலேறுவது அபூர்வம். ஒரு கம்பெனியோ பட்டாலியனோ மொத்தமாக ஏறும். அந்த யூனிட் எந்தத் தேதியில் எந்தத் துறைமுகத்தில் எந்தக் கப்பலில் ஏறியது என்பது யூனிட் தினமும் எழுதிய வார் டைரியில் இருக்கும். ஆக, உங்கள் தாத்தா அன்றைக்கு அந்த யூனிட்டில் இருந்தார் என்று காட்டிவிட்டால், அவருடைய கப்பல் கிடைத்தமாதிரிதான். கீழே நான் சொல்வதெல்லாம் இந்த ஒரு வழியின் விவரங்கள்தான்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

வீட்டிலிருந்து. காப்பகத்துக்குக் கடிதம் எழுதுவதற்கு முன்னால் பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டியை இறக்குங்கள். அத்தை, சித்தப்பா வீடுகளிலும் கேளுங்கள். சொத்து பிரிந்தபோது காகிதங்களும் பிரிந்திருக்கும்.

எங்கள் வீட்டில் கிடைத்தது ஒரு சின்ன டிஸ்சார்ஜ் புத்தகம். உள்ளங்கை அகலம், அட்டையின் துணி நைந்து நூல் தெரிந்தது. நாலாவது பக்கத்தில் ஊதா மையில் ஒரு கிளார்க் எழுதிய வரி: 'ஓவர்சீஸ்' என்று போட்டு, பக்கத்தில் 'எம்.இ.எஃப்.', இரண்டு தேதிகள். அவ்வளவுதான். எம்.இ.எஃப். என்றால் மத்தியக் கிழக்குப் படை, அதாவது எகிப்து, பாலஸ்தீனம், லிபியா பக்கம். முதல் தேதி அவர் கப்பலேறிய நாள். இந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டுதான் மற்ற எல்லாவற்றையும் கண்டுபிடித்தேன். அதற்கு முன் அதே புத்தகத்தை எத்தனையோ தடவை புரட்டியிருக்கிறேன். தாத்தாவின் கைநாட்டைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுவேன்.

இந்த மாதிரிக் காகிதத்தில் நீங்கள் தேட வேண்டியவை: ரெஜிமென்ட் நம்பர், கோர் (படைப்பிரிவு) அல்லது ரெஜிமென்ட்டின் பெயர், கம்பெனி நம்பர், சேர்ந்த தேதி, வெளிநாட்டுச் சேவையின் தேதிகள். இதில் நம்பர்தான் உயிர். பெயரை எப்படி வேண்டுமானாலும் எழுதியிருப்பார்கள், நம்பர் ஒன்றுதான்.

பழைய கடிதங்கள் இருந்தால் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தணிக்கைக்குப் பயந்து கடிதத்துக்குள் ஊர்ப் பெயர் இருக்காது. ஆனால் உறையின் மேல் 'எஃப்.பி.ஓ.' என்று ஒரு எண்ணோடு முத்திரை இருக்கும். அது ராணுவத் தபால் நிலையத்தின் எண். எந்த எண் எந்த மாதத்தில் எங்கே இருந்தது என்று தபால்தலை சேகரிப்பவர்கள் விரிவாகத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக் கேட்டால் சொல்லிவிடுவார்.

மெடல் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. அதை வைத்து ஏதாவது தெரியுமா?

நிறையவே தெரியும். முதலில் மெடலின் விளிம்பைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர் மெடல்களை பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் பொறிக்காமல்தான் கொடுத்தார்கள். ஆனால் இந்திய ராணுவத்துக்குக் கொடுத்தவற்றில் நம்பர், பதவி, பெயர், கோர் எல்லாம் அடித்துக் கொடுத்தார்கள். வட்ட மெடலில் விளிம்பிலும், நட்சத்திர வடிவ மெடலில் பின்பக்கத்திலும் இருக்கும். அழுக்கு ஏறியிருந்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்தும் தேய்ந்துவிடும். ஜன்னல் பக்கம் வைத்து, வெளிச்சம் சாய்வாக விழும்படி திருப்பிப் பார்த்தாலே படிக்கலாம்.

அடுத்து, எந்த நட்சத்திரம் என்று பாருங்கள். ஆப்பிரிக்கா ஸ்டார் என்றால் 1940 ஜூனுக்கும் 1943 மே மாதத்துக்கும் இடையில் வட ஆப்பிரிக்கா பக்கம். இத்தாலி ஸ்டார் என்றால் 1943 ஜூனுக்குப் பிறகு. மலேயா, சிங்கப்பூர் சண்டையில் இருந்தவருக்குப் பசிபிக் ஸ்டார். பர்மா ஸ்டார் இருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அசாம் வழியாகத் தரையிலேயே போனவர்கள் நிறையப் பேர், அவர்கள் கப்பலே ஏறாமல் இருந்திருக்கலாம். இந்தியா சர்வீஸ் மெடல் மட்டும் இருந்து ஸ்டார் எதுவும் இல்லை என்றால், வெளிநாட்டுப் போர்முனைக்குப் போனார் என்ற குடும்பக் கதையை இன்னொரு முறை விசாரிப்பது நல்லது.

ராணுவ ரெக்கார்ட் ஆபீஸில் கேட்டால் கொடுப்பார்களா?

கேட்டுப் பார்க்க வேண்டும், ஆனால் எதை எதிர்பார்க்கலாம் என்று தெரிந்துகொண்டு கேளுங்கள். ஒவ்வொரு கோருக்கும் தனி ரெக்கார்ட் ஆபீஸ் உண்டு. மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு நீலகிரி வெலிங்டனில். மெட்ராஸ் சாப்பர்ஸுக்கு, அதாவது இன்றைய மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்புக்கு, பெங்களூரில். தெற்கிலிருந்து ஆர்மி சர்வீஸ் கோரில் லாரி ஓட்டியவர்கள், பயனியர் கோரில் இருந்தவர்கள் என்றாலும் பெங்களூர்தான். சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், ஆர்ட்டிலரிக்கு நாசிக் ரோடு, ஆர்மி மெடிக்கல் கோருக்கு லக்னோ.

ஒரு சிப்பாயின் முழு சேவை விவரமும் 'ஷீட் ரோல்' என்ற காகிதக் கட்டில் இருக்கும். கப்பலேறிய தேதி, இறங்கிய தேதி உட்பட எல்லாம் அதில் ஏறும். பென்ஷன் இல்லாமல் விலகியவர்களின் ஷீட் ரோலை 25 வருடத்துக்குப் பிறகு அழித்துவிடலாம் என்பது ராணுவ விதி. போர் முடிந்தபின் 1946-ல் வீட்டுக்கு அனுப்பப்பட்ட லட்சக்கணக்கானவர்கள் இந்த வகைதான். ஆகவே 'ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன' என்று ஒரு வரி பதில் வந்தால் உங்களை ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

அதோடு விட்டுவிடவும் வேண்டாம். 'லாங் ரோல்' என்று ஒரு பெரிய பதிவேடு தனியாக உண்டு. ஒரு ஆளுக்கு ஒன்றிரண்டு வரி: நம்பர், பெயர், ஊர், சேர்ந்த நாள், விலகிய நாள், காரணம். அதை அழிப்பதில்லை. கடிதத்திலேயே 'ஷீட் ரோல் இல்லாவிட்டால் லாங் ரோல் பதிவின் நகலாவது தர வேண்டும்' என்று எழுதுங்கள். நீங்கள் அவருடைய வாரிசு என்பதற்கான சான்றை இணையுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடலாம். அவர் பென்ஷன் வாங்கியவர் என்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் விசாரியுங்கள்.

எந்தப் பதிவிலும் தாத்தாவின் பெயர் பொருந்தவில்லையே?

நம்ம பெயர்களை ராணுவ கிளார்க் காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதினார். முத்துசாமி ஒரு இடத்தில் 'மூத்துஸ்வாமி', இன்னொரு இடத்தில் 'முட்டுசாமி'. இனிஷியலை விட்டுவிடுவார்கள், அல்லது அப்பா பெயரையே ஆள் பெயராக எழுதிவிடுவார்கள். இங்கிலீஷ் எழுத்தில் ழ, ள, ல எல்லாம் ஒன்றாகிவிடும். ஊர்ப் பெயர்களும் அந்தக் காலத்து வடிவில் இருக்கும்: திருநெல்வேலி 'டின்னவெலி', திருச்சி 'டிரிச்சினாபொலி', செங்கல்பட்டு 'சிங்கிள்புட்'. வேலூர், திருவண்ணாமலை எல்லாம் வட ஆற்காடு ஜில்லாவுக்குள். தாலுகாவின் பெயரையும் தேடிப் பாருங்கள், கிராமத்தைவிட அது சரியாக எழுதப்பட்டிருக்கும்.

வயதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். படையில் சேர்வதற்காக ஒன்றிரண்டு வயது கூட்டிச் சொன்னவர்கள் ஏராளம்.

வார் டைரி என்றால் என்ன? அது எங்கே இருக்கிறது?

போர்க்காலத்தில் ஒவ்வொரு யூனிட்டும் தினமும் எழுதியாக வேண்டிய அலுவல் பதிவு. தாளில் இடம், தேதி, மணி, என்ன நடந்தது என்று கட்டங்கள் இருக்கும். மாதா மாதம் மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். தனி ஆள் கதையெல்லாம் இருக்காது; சிப்பாய் பெயரே அபூர்வம். ஆனால் யூனிட் நகரும்போது விவரம் கொட்டும். முகாமிலிருந்து ரயில் எத்தனை மணிக்குக் கிளம்பியது, பம்பாயில் எப்போது சேர்ந்தது, எத்தனை அதிகாரிகள், எத்தனை ஜவான்கள், எத்தனை சமையல்காரர்கள் கப்பலேறினார்கள், சாமான் எங்கே சிக்கியது எல்லாம் வரும். பின்னிணைப்பில் எம்பார்கேஷன் உத்தரவும் சில சமயம் இருக்கும். அபூர்வமாக நாமினல் ரோலே அதில் மாட்டிக்கொண்டு வந்திருக்கும். அதனால் பின்னிணைப்பைப் பார்க்காமல் கோப்பை மூடாதீர்கள்.

இந்தியப் படைகளின் டைரிகள் இரண்டு இடத்தில் கிடைக்கின்றன. ஒன்று க்யூ. அங்கே போர்முனை வாரியாகத் தனித்தனித் தொகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்: மத்தியக் கிழக்கு என்றால் டபிள்யூ.ஓ. 169, இத்தாலி என்றால் டபிள்யூ.ஓ. 170, மலேயா, பர்மா என்றால் டபிள்யூ.ஓ. 172. இணையத்தில் அட்டவணையைத் தேடலாம். அதில் யூனிட்டின் பெயரும் வருடமும் இருக்கும். இரண்டாவது டெல்லி. பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவிலும், இந்திய தேசிய ஆவணக் காப்பகத்திலும் பார்க்க வேண்டும். தேசியக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' என்ற இணையதளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம், ஸ்கேன் செய்த கோப்புகளைத் திறந்தும் பார்க்கலாம். அங்கே தேடும்போது யூனிட்டின் முழுப் பெயர், சுருக்கப் பெயர், எண் மட்டும் என்று பல விதமாக அடித்துப் பாருங்கள்.

எந்த மாதக் கோப்பைக் கேட்பது என்பதற்குத்தான் டிஸ்சார்ஜ் புத்தகத் தேதி. கப்பலேறிய மாதத்தையும் அடுத்த மாதத்தையும் சேர்த்தே வாங்குங்கள். பயணம் பாதி ஒரு தாளிலும் பாதி அடுத்த தாளிலும் இருக்கும்.

டைரியில் கப்பல் பெயர் இல்லை, ஒரு எழுத்தும் எண்ணும்தான் இருக்கிறது. என்ன செய்வது?

ரகசியத்துக்காகச் சில யூனிட்கள் அப்படித்தான் எழுதின. 'எச்.எம்.டி.' என்று போட்டு, அதன்பின் குறியீடு மட்டும். எச்.எம்.டி. என்பது துருப்புக் கப்பல் என்பதற்கான அடையாளம், கப்பலின் பெயர் அல்ல. இதற்கு நான் பார்த்ததில் பலன் தந்த வழி, அதே தேதியில் அதே துறைமுகத்தில் ஏறிய மற்ற யூனிட்களின் டைரியைப் பார்ப்பது. ஒரு கப்பலில் பல யூனிட்கள் போகும். ஒரு யூனிட்டின் அட்ஜுடன்ட் (நிர்வாக அதிகாரி) கவனமாகக் குறியீடு எழுதியிருப்பார், பக்கத்து யூனிட்காரர் பெயரையே போட்டிருப்பார். தாத்தாவின் யூனிட்டுக்கு மேலே இருந்த பிரிகேட் அல்லது டிவிஷன் தலைமையகத்தின் டைரியில் எந்த யூனிட் எந்தக் கப்பலில் என்று மொத்த அட்டவணையே இருக்க வாய்ப்புண்டு. எனக்குக் கப்பல் பெயர் அங்கேதான் கிடைத்தது. தாத்தாவின் கம்பெனி டைரியில் கடைசி வரை குறியீடுதான்.

கப்பல் பெயர் கிடைத்துவிட்டது. அது சரிதானா என்று எப்படி உறுதிசெய்வது?

கப்பலின் பக்கத்திலிருந்து ஒரு முறை வர வேண்டும். க்யூவில் பி.டி. 389 என்ற தொகுப்பில், 1939 முதல் 1945 வரை வணிகக் கப்பல்கள் எந்தத் தேதியில் எந்தத் துறைமுகத்தில் இருந்தன என்று கப்பல்வாரியாக அட்டைகள் இருக்கின்றன. பொடி எழுத்து, சுருக்கமும் அதிகம், ஆனால் பழகிவிடும். துருப்புக் கப்பல்களில் பல, அரசு வாடகைக்கு எடுத்த வணிகக் கப்பல்கள் என்பதால் இதில் வரும். உங்கள் கப்பல் அந்தத் தேதியில் பம்பாயில் இல்லை என்று அட்டை சொன்னால், எங்கோ தப்பு நடந்திருக்கிறது.

கப்பல்கள் கூட்டமாக, போர்க்கப்பல் காவலோடு போனதைக் கான்வாய் என்பார்கள். ஒவ்வொரு கான்வாய்க்கும் எழுத்தும் எண்ணும் உண்டு. பி.என். என்றால் பம்பாயிலிருந்து செங்கடல், சூயஸ் பக்கம். பி.எம். என்றால் பம்பாயிலிருந்து மலேயா பக்கம். பி.பி. என்றால் பாரசீக வளைகுடா. டபிள்யூ.எஸ். என்றால் பிரிட்டனிலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மத்தியக் கிழக்குக்கும் இந்தியாவுக்கும் வந்தவை. கான்வாய் அறிக்கைகள் கடற்படைக் கோப்புகளில், ஏ.டி.எம். 199 என்ற தொகுப்பில் இருக்கின்றன.

கூடவே ஒரு சின்னக் கணக்கும் போட்டுப் பாருங்கள். கான்வாய் 12 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 12 கடல் மைல் போனால் ஒரு நாளைக்கு 288 கடல் மைல். பம்பாயிலிருந்து ஏடன் ஏறக்குறைய 1,650 கடல் மைல், அதாவது ஆறு நாள். சூயஸ் வரை என்றால் 3,000-க்குக் கொஞ்சம் குறைவு, பத்து நாளுக்கு மேல். உங்களிடம் உள்ள இரண்டு தேதிகளுக்கு இடையில் நாலே நாள் என்றால் ஒரு தேதி தவறு. இருபது நாள் என்றால் வழியில் எங்கோ நின்றிருக்கிறது.

இன்னொன்று: 'எம்பார்க்' ஆன, அதாவது ஆட்கள் கப்பலேறிய நாளும் கப்பல் புறப்பட்ட நாளும் ஒன்றல்ல. ஆட்களை ஏற்றிய பிறகு மற்ற கப்பல்கள் சேரும் வரை நடுத்துறைமுகத்தில் நங்கூரம் போட்டுக் காத்திருப்பார்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் 3-ஆம் தேதியும் கான்வாய் அறிக்கையில் 5-ஆம் தேதியும் இருந்தால் இரண்டுமே சரியாக இருக்கலாம்.

எங்கள் வீட்டில் தாத்தா 'ரஜூலா' கப்பலில் போனதாகச் சொல்கிறார்கள். உண்மையாக இருக்குமா?

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. எங்கள் வீட்டிலும் இதே கதைதான்.

ரஜூலா 'பிரிட்டிஷ் இந்தியா' என்ற கப்பல் கம்பெனியுடையது. 1926-ல் கட்டப்பட்டது. மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல பத்து ஆண்டுகள் ஓடி 1970-களில்தான் ஓய்ந்தது. மலேயாவுக்குப் பிழைக்கப் போன தமிழர்களுக்குக் கப்பல் என்றாலே அதுதான். போர்க்காலத்தில் அதுவும் துருப்புகளை ஏற்றிப் போனது உண்மை. ஆகவே உங்கள் தாத்தா அதில் போயிருக்கவும் கூடும். டைரியைப் பார்க்காமல் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் என் தாத்தாவின் டிஸ்சார்ஜ் புத்தகப்படி அவர் ஏறியது பம்பாயில், போனது சூயஸுக்கு. டிவிஷன் டைரியில் இருந்த கப்பலும் வேறு. அப்புறம் பெரிய அத்தையிடம் பொறுமையாக உட்கார்ந்து கேட்டேன். படையில் சேர்வதற்கு முன், பதினாறு பதினேழு வயதில், தாத்தா தன் மாமாவோடு நாகப்பட்டினத்தில் ரஜூலா ஏறிப் பினாங்கு போய், ஒரு வருடம் தோட்டத்தில் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். இரண்டு பயணங்கள் எங்கள் வீட்டு நினைவில் ஒன்றாகக் கலந்துவிட்டன. கதை பொய்யில்லை, அது வேறொரு பயணத்தின் கதை. குடும்பக் கதையும் ஆவணமும் ஒத்துப்போகாதபோது கதையைத் தூக்கி எறிந்துவிடாமல், சொல்பவரிடம் 'அப்போ தாத்தாவுக்கு என்ன வயசு? கூட யார் போனாங்க? எங்கே ஏறினார்?' என்று கேளுங்கள். எங்கள் அத்தை அந்த மாமாவைச் சொன்னதுமே விஷயம் விளங்கிவிட்டது.

தாத்தா மலேயாவுக்குப் போய், அதன்பின் தகவலே இல்லை என்கிறார்கள்.

மலேயா போனவர்களைத் தேடுவது கடினம். சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15 அன்று சரணடைந்தது. அதற்கு முன் பல யூனிட்கள் தங்கள் காகிதங்களை எரித்துவிட்டன, டைரிகள் உட்பட. அதனால் இங்கே கான்வாய் பக்கத்திலிருந்து வருவதுதான் சுலபம். 1942 ஜனவரியில்கூட 44, 45-ஆம் இந்தியப் பிரிகேட்கள் பம்பாய்ப் பக்கமிருந்து சிங்கப்பூரில் வந்திறங்கின. அவர்களில் பலர் புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள். பி.எம். 12 என்ற கான்வாய் பிப்ரவரி 5 அன்று சிங்கப்பூரை நெருங்கும்போது ஜப்பானிய விமானங்கள் தாக்கி, எம்ப்ரஸ் ஆஃப் ஏஷியா என்ற பெரிய கப்பல் தீப்பிடித்து அழிந்தது.

சிறைப்பட்ட இந்திய வீரர்களில் ஒரு பகுதியினர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். சேராதவர்களில் ஆயிரக்கணக்கானோரை ஜப்பானியர் நியூ கினி, நியூ பிரிட்டன் தீவுகளுக்கு ஏற்றிப் போனார்கள். அது இன்னொரு துருப்புக் கப்பல் பயணம், மிகக் கொடியது. 'புயோ மாரு' என்ற ஜப்பானியக் கப்பலை 1943 ஜனவரி 26 அன்று அமெரிக்க நீர்மூழ்கி மூழ்கடித்தபோது அதில் 491 இந்தியக் கைதிகள் இருந்தார்கள். 195 பேர் இறந்தார்கள். கைதிகளைப் பற்றிய விவரத்துக்கு ஜெனீவாவில் உள்ள பன்னாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்தின் காப்பகத்துக்கு எழுதலாம். இந்திய தேசிய ராணுவக் கோப்புகள் டெல்லி தேசியக் காப்பகத்தில் இருக்கின்றன.

கடலிலேயே இறந்திருந்தால் எப்படித் தெரியும்?

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடுங்கள், இலவசம். இந்தியர்களின் பதிவுகளில் அப்பா பெயர், கிராமம், ஜில்லா வரை இருப்பது உண்டு. உடல் கிடைக்காதவர்களின் பெயர் நினைவுச் சுவர்களில் இருக்கும். சிங்கப்பூர் கிராஞ்சியில் உள்ள சுவரில் மட்டும் 24,000-க்கு மேற்பட்ட பெயர்கள். தாத்தாவின் பதிவு கிடைத்ததும், அதே தேதியில் அதே யூனிட்டில் இறந்த மற்றவர்களையும் தேடுங்கள். நிறையப் பெயர்கள் ஒரே நாளில் வந்து, ஒருவருக்கும் கல்லறை இல்லை என்றால், கப்பல் மூழ்கியிருக்கலாம்.

அப்படி மூழ்கிய கப்பல்களில் ஒன்று நம் கரையோரத்து ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்தது. ரஜூலாவின் ஜோடி 'ரோனா'. அதே 1926-ல், அதே மெட்ராஸ்–சிங்கப்பூர் வழிக்காகக் கட்டிய கப்பல். 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியக் கரைக்கு அப்பால், அமெரிக்கப் படையினரை ஏற்றி இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தபோது, ஜெர்மன் விமானம் ரேடியோவால் இயக்கிய குண்டு அதைத் தாக்கியது. 1,138 பேர் இறந்தார்கள். அவர்களில் 1,015 பேர் அமெரிக்க வீரர்கள்; கப்பலின் இந்திய மாலுமிகளில் பாதிக்கு மேல் திரும்பவில்லை. குண்டின் விவரம் வெளியே தெரியக் கூடாதென்று இந்தச் செய்தியையே பல காலம் அமுக்கி வைத்தார்கள். நாகப்பட்டினத்தில் அந்தக் கப்பலில் ஏறி இறங்கிய எத்தனை பேருக்கு அது போன இடம் தெரிந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனத்துப்போகிறது.

தாத்தா சிப்பாய் இல்லை, கப்பலில் வேலை பார்த்தவர். இதே வழிதானா?

இல்லை, உங்களுக்கு வழி சுலபம். சிப்பாய்க்குப் பட்டியல் இல்லை, ஆனால் கப்பல் தொழிலாளிக்கு உண்டு. சட்டப்படி ஒவ்வொரு பயணத்துக்கும் ஒப்பந்தம் போட்டே ஏற்ற வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஒப்பந்தங்களும் கப்பல் லாக் புத்தகங்களும் க்யூவில் பி.டி. 381 தொகுப்பில் இருக்கின்றன. கப்பலின் பதிவு எண் தெரிய வேண்டும். முதல் உலகப் போர் என்றால் 1915-ஆம் வருடத்துப் பணியாளர் பட்டியல்களை இணையத்திலேயே பெயர் போட்டுத் தேடலாம். போரில் இறந்த இந்திய வணிகக் கப்பல் மாலுமிகளின் பெயர்கள் மும்பையில் உள்ள நினைவிடத்தின் பதிவேட்டில் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போருக்கு மட்டும் ஏறக்குறைய 6,000 பேர்.

முதல் உலகப் போருக்குப் போனவர் என்றால்?

அதே முறைதான், டைரிகள் மட்டும் வேறு தொகுப்பு: டபிள்யூ.ஓ. 95. உதாரணமாக 63-ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரியும் 61-ஆம் பயனியர்ஸும் 1914 அக்டோபரில் பம்பாயிலிருந்து கப்பலேறி, நவம்பர் தொடக்கத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா கரையில் இறங்கின. தாத்தாவின் அப்பா இந்த இரண்டில் ஒன்றில் இருந்தார் என்றால் பயணத்தின் மாதம் வரை இப்போதே உங்கள் கையில் இருக்கிறது.

ஆஸ்திரேலியாக்காரர்கள் பெயரைப் போட்டவுடன் கப்பல் வருகிறதே, நமக்கு ஏன் இல்லை?

முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியா கப்பல்வாரியாக எம்பார்கேஷன் ரோல்களைத் தயாரித்து, அதைப் பாதுகாத்து, இணையத்திலும் ஏற்றிவிட்டது. ஒரு வீரரின் பெயரை அடித்தால் கப்பல், தேதி, துறைமுகம் எல்லாம் வரும். அந்த முறையைச் சொல்லித்தரும் குறிப்புகளைப் படித்துவிட்டு நம் தாத்தாவுக்கும் அப்படித் தேடினால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

கப்பலின் படம் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்கும். லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் தொகுப்பிலும், ஆஸ்திரேலிய நூலகங்களின் தொகுப்புகளிலும் கப்பல் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ஒரே பெயரில் பல கப்பல்கள் இருந்திருக்கும், கட்டிய வருடத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். முதலில் கண்ணில் படுவது போருக்கு முந்தைய அழகான படமாக இருக்கும்: பிரிட்டிஷ் இந்தியா கப்பல் என்றால் கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு, கறுப்புப் புகைக்கூண்டில் இரண்டு வெள்ளைப் பட்டை. தாத்தா ஏறியபோது அது அப்படி இல்லை. முழுக்கச் சாம்பல் நிறம் அடித்து, மேல்தளத்தில் பீரங்கி பொருத்தி, பக்கமெல்லாம் மிதவைகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். 1940-க்கும் 1945-க்கும் இடையில் எடுத்த படம் கிடைக்கும் வரை தேடுங்கள். பம்பாய்த் துறைமுகத்தில் தாத்தா பார்த்தது அந்தச் சாம்பல் கப்பலைத்தான்.